மிதக்கப் பழகுதல்

எங்கள் பக்கத்தில் ஏரி என்று யாரும் சொல்வதில்லை. குட்டை என்பார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் வீட்டிலிருந்து பத்து நிமிட மோட்டார் தூரத்தில் ஒரு குட்டையைக் காட்டுவார்கள். எல்லாம் ஈயம் தோண்டிய பள்ளங்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றன. மீதி வேலையை மழை செய்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் குட்டைகள் அழகாகத்தான் இருக்கும். பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. கிட்டே போனால்தான் தெரியும், அவற்றுக்குக் கரை என்று ஒன்று கிடையாது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று படிப்படியாக ஆழம் கூடாது. இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. கீழே மாவு போன்ற சேறு. பள்ளி விடுமுறை வந்தால் ஏதாவது ஒரு குட்டையின் பெயர் நாளிதழில் வரும். கரையில் கிடந்த செருப்புகளின் படமும் சேர்ந்து வரும். செய்தியைப் படிக்காமலேயே நாங்கள் சொல்லிவிடுவோம்.

ஆனால் தமிழ்ப்பள்ளியில் 'ஏரிக்கரையில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். தாமரைகள் பூத்துக் குலுங்கின, கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன, தோழிகளோடு கைகோத்துத் திரிந்தேன் என்று எழுதினேன். இருபதுக்குப் பதினேழு. கோடை விடுமுறையில் சென்றதாகத் தொடங்கியிருந்தேன் என்று ஞாபகம். கோடை என்று ஒன்று நமக்கு ஏது? மழை பெய்யும் மாதங்கள், கொஞ்சம் குறைவாகப் பெய்யும் மாதங்கள், அவ்வளவுதான். பள்ளி நூலகத்தில் கிடந்த தமிழ்நாட்டுச் சிறுவர் இதழ்களிலிருந்து அந்த வார்த்தையை எடுத்திருப்பேன்.

கட்டுரையில் எழுதிய அந்த நாளை உண்மையிலேயே வாழ்ந்து பார்க்க எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது.

*

நாங்கள் நான்கு பேர். வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே விடுதித் தளத்தில், நான்கு வருடம் ஒன்றாக இருந்தோம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்கவில்லை. செலவுக் கணக்கை ஐந்து காசு விடாமல் எழுதி வைப்பவள் கிராணி. எந்நேரமும் பையில் பானடோலும் தைலமும் பிளாஸ்டரும் வைத்திருப்பவள் டாக்டர். ஐந்தடி ஒன்பது அங்குலம் இருப்பவள் நெட்டை. நான் வாத்தியார். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேனாம்.

பட்டம் வாங்கிய பிறகு நான்கு திசை. கிராணி பினாங்கில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நெட்டை கோலாலம்பூரில் கட்டுமானத் தளத்தில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு நடுவில் ஒரே பெண் பொறியாளர். டாக்டர் ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து பாலம் தாண்டிப் போய், ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பி வருகிறாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் உட்கார்ந்து, யாரோ கட்டப்போகும் கட்டடங்களுக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கணக்குப் போடுகிறேன்.

நால்வருக்கும் பொருந்துகிற ஒரு சனிக்கிழமையைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. கிராணி அதற்கென்று ஒரு எக்ஸெல் அட்டவணையே போட்டாள். சிவப்பு என்றால் வேலை, மஞ்சள் என்றால் கல்யாணம் காட்சி, பச்சை என்றால் லீவு. ஒரு வரிசையில் நான்கு பச்சைக் கட்டங்கள் விழுந்தது ஏப்ரலில். "எங்க போலாம்?" என்று கேட்டபோது டாக்டர் வாட்ஸ்ஆப்பில் ஒரே வரி போட்டாள்: "எங்கயாச்சும் போலாம். ஆனா அங்க போய் எதுவும் செய்யக்கூடாது."

அப்படித்தான் கென்யிர் ஏரி முடிவானது.

அம்மாவிடம் சொன்னேன்.

"கெனிரா? அது எங்க இருக்கு?"

"திரெங்கானும்மா."

"கடலா?"

"ஏரி."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தண்ணியில எறங்காத. கரையில உக்காந்து பாத்துட்டு வா" என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன், பதினேழு வயதில் குட்டையில் போனவர். நான் பிறப்பதற்கு எட்டு வருடத்துக்கு முன்னால். வீட்டில் அவருடைய படம் ஒன்றுதான் இருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்தது. மாமாவைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே கதை அவர் செத்த கதை. ஆகவே தண்ணீரைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லப்பட்டது அந்த ஒரு கதைதான். ஆறு, கடல், நீச்சல் குளம், ஏன், பள்ளி முகாமில் ஓடையைத் தாண்டுவதற்குக்கூட அம்மா அனுமதிப் பாரத்தில் கையெழுத்துப் போடமாட்டார். 'தண்ணியில கண்டம்' என்று என் ஜாதகத்தில் இருப்பதாகச் சொல்வார். தம்பியின் ஜாதகத்திலும் அதேதான் இருந்தது. இரண்டு ஜாதகத்தையும் நாங்கள் பார்த்ததில்லை.

"எறங்குவேன்மா. லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவேன்" என்றேன்.

"நெட்டை வராளா?"

"வரா."

"அவ பக்கத்துலயே இரு."

நெட்டை பல்கலைக்கழகத்தில் புறப்பாட மதிப்பெண்ணுக்காக நீச்சல் எடுத்தவள். நால்வரில் நீந்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இதை ஒரு கணக்கெடுப்பாகச் சொல்லவில்லை, ஆனால் நம் வீடுகளில் இருபத்தெட்டு வயதுப் பெண்கள் நால்வரை நிறுத்திக் கேட்டால் ஏறக்குறைய இதே விடைதான் வரும் என்று நினைக்கிறேன்.

*

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நெட்டையின் காடியில் கிளம்பினோம். காராக் மலையேறி, கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம். கோலா பெராங்கில் ஒரு வீட்டில் படுத்து எழுந்து, காலையில் நாசி டாகாங் பசியாறினோம். திரெங்கானுவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஆகவே கடையில் அந்த ஊரே நிதானமாக உட்கார்ந்திருந்தது. மீன் குழம்பின் மணம், ரேடியோ, பக்கத்து மேசையில் பேரனுக்கு ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. அவசரமாகச் சாப்பிட்டு முடித்தவர்கள் நாங்கள் நால்வர் மட்டும்தான். ஏழே நிமிடத்தில் தட்டு காலி. "ஷிஃப்ட் இல்லடி இன்னிக்கு, மெதுவா" என்று டாக்டர் சொல்லியும் அவள் தட்டுதான் முதலில் காலியானது.

பெங்காலான் காவி படகுத்துறையில் ஒரு படகு பேசினோம். படகோட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாக் சிக் என்று கூப்பிட்டோம். ஏறுவதற்கு முன்னால் நால்வருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, ஒவ்வொரு கொக்கியையும் அவரே இழுத்துப் பார்த்தார். நெட்டை, "எனக்கு நீந்தத் தெரியும்" என்றதற்கு, "ஏரிக்கு அது தெரியாதே" என்றார் மலாயில்.

படகு துறையை விட்டதும் முதலில் கண்ணில் பட்டது மரங்கள்தான். தண்ணீருக்கு நடுவே இலையும் பட்டையும் இல்லாமல் வெளுத்துப்போன மரங்கள், ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. கென்யிர் இயற்கையான ஏரி கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே 1978இல் அணை கட்டத் தொடங்கி 1985இல் முடித்தார்கள். பின்னால் இருந்த காடு முழுக்க மூழ்கியது. மலைகளின் உச்சிகள் மட்டும் வெளியே நின்று தீவுகளாகிவிட்டன. சுமார் 340 தீவுகள் என்கிறார்கள். ஏரியின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவு கொஞ்சம்தான் பெரியது.

1985. எங்கள் பக்கத்தில் பம்புகளை நிறுத்திப் பள்ளங்களில் தண்ணீரை விட்ட அதே வருடம், இங்கே ஆற்றை நிறுத்திப் பள்ளத்தாக்கில் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். இரண்டும் மனிதர்கள் உண்டாக்கிய நீர்நிலைகள்தான். ஒன்றை ஏரி என்கிறோம், இன்னொன்றைக் குட்டை என்கிறோம். ஒன்றுக்குப் படகுத்துறை உண்டு, மிதவைச் சட்டை உண்டு, கொக்கியை இழுத்துப் பார்க்கும் பாக் சிக் உண்டு. இன்னொன்றுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை, அதுவும் துருப்பிடித்து லாலாங் புல்லுக்குள் சாய்ந்திருக்கும். மாமா குட்டையில் போனார் என்று சொல்லும்போது அவருடைய விதியைத்தான் வீட்டில் பேசுவார்கள். தோண்டியவன் மூடாமல் போனதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

"நான் இந்த மலையில நடந்திருக்கேன்" என்றார் பாக் சிக், ஒரு தீவைக் காட்டி. "அப்பாகூடப் பிரம்பு வெட்ட வருவோம். நீங்க இப்ப உக்காந்திருக்கீங்கல்ல, அதுக்கு ரொம்பக் கீழ ஒரு பாதை இருந்துச்சு."

நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் தண்ணீரைக் குனிந்து பார்த்தோம். கரும்பச்சை. எதுவும் தெரியவில்லை.

*

எதுவும் செய்யக்கூடாது என்று முடிவெடுத்து வந்தவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் செய்தவை: கிராணி படகில் இருந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து, பானங்களை வகை பிரித்து அடுக்கினாள். நெட்டை படகின் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயின் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, இது சரியில்லை என்றாள். நான் அணையைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். டாக்டர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினாள். மேலதிகாரியிடமிருந்து காலையில் ஒரு செய்தி வந்து, பதில் போவதற்குள் இணைப்பு அறுந்திருந்தது. தீவுகளுக்குள் நுழைந்த பிறகு நால்வர் கைபேசியிலும் ஒரு கோடும் இல்லை.

"செத்தான்" என்றாள் டாக்டர். மேலதிகாரியைச் சொன்னாளா, கைபேசியைச் சொன்னாளா தெரியவில்லை. எல்லாரும் சிரித்தோம். அப்புறம்தான் கொஞ்சம் அமைதியானோம்.

எங்கள் வீட்டில் 'சும்மா' என்பது வசைச்சொல். "சும்மாதான உக்காந்திருக்க, இந்த வெங்காயத்த உரி." "சும்மா கெடக்காத, எழுந்து போய்ப் படி." பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியற்காலை பெரட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயத்திலேயே நாற்பது வருடம் எழுந்தவர். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்து, பகலில் எங்களைப் பள்ளிக்கு அனுப்பி, தீபாவளி சமயத்தில் முறுக்கு ஆர்டரும் எடுத்தவர். அவர்களுக்குச் 'சும்மா' என்றால் கூலி இல்லை என்று அர்த்தம். சும்மா இருப்பதைப் பெரிய நிலையாகத் தாயுமானவர் பாடியிருக்கிறார் என்று படிவம் ஆறில் இலக்கியம் படித்தபோது தெரிந்துகொண்டேன். வீட்டில் சொன்னேன். "அவருக்கு வாடகை யாரு கட்டுனா?" என்று கேட்டார் அம்மா.

உல்லாசப் பயணமே போனதில்லை என்று சொல்லமாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை, தாமானில் இருக்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போவோம். அம்மாக்கள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பெரிய குண்டானில் பிரியாணி கிண்டுவார்கள், முட்டை அவிப்பார்கள், சம்பால் அரைப்பார்கள். கடற்கரைக்குப் போனதும் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்பாக்கள் கொஞ்சம் தள்ளி வேறொரு மரத்தடியில், தங்கள் புட்டிகளுடன். பையன்கள் தண்ணீரில். பெண்பிள்ளைகள் முழங்கால்வரை. அம்மாக்கள் செருப்பையும் பையையும் காவல் காத்து, வருகிற போகிற எல்லாருக்கும் சோறு போட்டு, மிஞ்சியதைச் சாப்பிட்டு, பாயைச் சுருட்டி, பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுவார்கள். என்னிடம் இருக்கிற பழைய படங்களில் ஒன்றில்கூட அம்மாவின் கால் நனைந்திருக்கவில்லை.

இதைப் படகில் சொன்னபோது கிராணி, "எங்கம்மாவும் அதே பாய்தான்" என்றாள். அவர்கள் போனது போர்ட் டிக்சன். டாக்டரின் அம்மாவும் அப்படித்தான், அவர்கள் தேசாரு. மாநிலம்தான் வேறு, பாய் ஒன்றுதான்.

*

லாசிர் நீர்வீழ்ச்சிக்குப் போய் நின்று படம் எடுத்தோம். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. நல்ல நீர்வீழ்ச்சி, நிறைய கூட்டம். பாக் சிக் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆளே இல்லாத எடம் வேணுமா?" என்று கேட்டு, இரண்டு தீவுகளுக்கு நடுவில் இருந்த ஒரு ஒதுக்குப்புறத்துக்குக் கொண்டுபோனார். வறண்ட மாதம் என்பதால் ஏரியின் மட்டம் இறங்கியிருந்தது. தீவுகளைச் சுற்றிப் பாவாடைக் கரை போலச் செம்மண் பட்டை. படகை ஒரு செத்த மரத்தில் கட்டினார். கட்டிவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். சும்மா இருப்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நெட்டை முதலில் இறங்கினாள். கிராணி ஏணியின் ஒவ்வொரு படியிலும் நின்று ஒரு சாமி பெயரைச் சொல்லி இறங்கினாள். டாக்டர் வரவில்லை. "நான் தூங்கப் போறேன், யாரும் எழுப்பாதீங்கடி" என்று பலகையில் சுருண்டவள், அடுத்த மூன்று மணி நேரம் அசையவில்லை. பாலம் தாண்டும் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கப் பழகியவளுக்குக் கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை கிடைத்ததே பெரிது. அவளுடைய ஏரி அதுதான்.

நான் ஏணியின் கடைசிப் படியில் நின்றேன். டீஷர்ட், நீளக் கால்சட்டை, மேலே மிதவைச் சட்டை. தண்ணீர் இடுப்புவரை இருந்தது. காலுக்குக் கீழே எத்தனை மீட்டர் என்று தெரியாது. அணையின் உயரம் 155 மீட்டர் என்பது மட்டும் தெரியும். வாத்தியார் மூளை அந்த நேரத்தில் அதைத்தான் எடுத்துக் கொடுத்தது.

"கைய விடு" என்றாள் நெட்டை.

"விட்டா?"

"ஒண்ணும் ஆவாது. நான் புடிச்சிருக்கேன்."

விட்டேன். உடனே உடம்பு முழுக்க இறுகியது. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்க முயன்றேன், கால் கீழே போனது. காலைத் தூக்கினால் தலை சாய்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்தும் தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இதன் இயற்பியல் எனக்கு மனப்பாடம். மனித உடலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருக்கிறது. நுரையீரல் நிறைய காற்று இருந்தால் பெரும்பாலானவர்கள் மிதப்பார்கள். தண்ணீருக்கு வெளியே எந்த உறுப்பைத் தூக்கினாலும் அதன் எடையை மீதி உடல் சுமக்க வேண்டும். ஆகவே பயந்துபோய்க் கையையும் தலையையும் மேலே தூக்குகிறவர்கள்தான் முங்குகிறார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் தேர்வில் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உடம்புக்கு அது போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

"காது நனையட்டும்டி" என்றாள் நெட்டை. "அதான் விஷயம். காது தண்ணிக்குள்ள போனா எல்லாம் சரியாயிடும்."

தலையைப் பின்னால் சாய்த்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த விநாடி உலகத்தின் சத்தம் நின்றுவிட்டது. கிராணியின் சாமிகள், படகின் கட்டை மரத்தில் உரசும் சத்தம், தூரத்து இயந்திரப் படகு, எல்லாம் போய் என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கழுத்து தளர்ந்தது. தோள் தளர்ந்தது. கால்கள் தானாக மேலே வந்தன. நெட்டையின் கை என் முதுகுக்குக் கீழே இருந்தது. பிறகு எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

மேலே வானம் மட்டும். ஒரு ஓரத்தில் செத்த மரத்தின் கிளை, அதில் ஒரு பறவை. என்ன பறவை என்று எனக்குத் தெரியாது, அன்று தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

*

கரைக்குத் திரும்பும்போது அணையைப் பற்றிய விளக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தப்பிக்க வழியில்லாததால் கேட்டார்கள்.

சுல்தான் மாமுட் மின்நிலையத்தில் நான்கு டர்பைன்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். ஏரியில் நிற்கிற தண்ணீர் பார்க்கிறவர்களுக்குத்தான் சும்மா நிற்கிறது. மின்வாரியக் கணக்கில் அது சேமித்து வைத்த மின்சாரம். ஒரு டன் தண்ணீர் நூறு மீட்டர் கீழே விழுந்தால், இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 0.27 யூனிட் கிடைக்கும். வீட்டில் ஒரு மின்விசிறி சுமார் நான்கு மணி நேரம் ஓடும். நான் மிதந்தபோது என்னைச் சுற்றி எத்தனை மின்விசிறிகள் நின்றிருக்கும் என்று கிராணி உடனே கணக்குப் போட ஆரம்பித்தாள்.

நாங்களும் இப்படித்தான் நடத்தப்படுகிறோம் என்று அப்போது தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து அடிக்கடி மின்னஞ்சல் வரும்: லீவு எடுங்கள், ரீசார்ஜ் ஆகுங்கள், புத்துணர்ச்சியோடு திரும்பி வாருங்கள். அக்கறையாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தின் குறி 'திரும்பி வாருங்கள்' என்பதில் இருக்கிறது. நாம் பேட்டரிகள். ஓய்வு என்பது திங்கட்கிழமைக்காகத் தேக்கி வைக்கிற தண்ணீர். பாட்டிக்கு ஓய்வு கூலியைத் தின்றது. எங்களுக்கு ஓய்வும் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. பாட்டியிடமிருந்து எங்கள்வரை வந்த இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்றுதான் சொல்லவேண்டும். லீவுக்குச் சம்பளம் உண்டு, அது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒரு நாள் நம் குடும்பங்களில் இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு டன் தண்ணீர் எத்தனை விசிறியை ஓட்டும் என்று என்னால் சொல்ல முடியும். அதே தண்ணீர் அன்று மத்தியானம் என்னைத் தாங்கிக்கொண்டிருந்ததற்கு யூனிட் கிடையாது.

படகு துறையை நெருங்கும்போது நால்வர் கைபேசியும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. டாக்டர் எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் பலகையின் வரி பதிந்த முகத்தோடு, வந்த செய்திகளைப் பார்த்தாள். பதினோரு செய்திகள். ஒன்றுக்கும் பதில் போடாமல் பையில் வைத்தாள். "கனவே வரல்லடி" என்றாள். "எப்பவும் கியூல நிக்கிற மாதிரியே கனவு வரும். இன்னிக்கு ஒண்ணுமே வரல்ல." அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. அடுத்த வருடம் சிங்கப்பூருக்கே குடிபோகப்போவதாக அன்று இரவுதான் சொன்னாள். எக்ஸெல் அட்டவணையில் நான்கு பச்சைக் கட்டங்கள் இனி எப்போது ஒரே வரிசையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை. கெரோப்போக் லெக்கோர் வாங்கிக் காடியில் கொறித்துக்கொண்டே வந்தோம். கிராணி மட்டும் ஆளுக்கு எத்தனை வெள்ளி என்று பிரித்து அனுப்பினாள்.

*

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனேன். கிராணி படகிலிருந்து எடுத்த நாற்பது விநாடிக் காணொளி என் கைபேசியில் இருந்தது. அதில் எதுவும் நடக்காது. பச்சைத் தண்ணீரில் ஆரஞ்சுச் சட்டையோடு நான் மல்லாந்து கிடப்பேன். அவ்வளவுதான்.

அம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முடிந்ததும், "திரும்ப வை" என்றார். வைத்தேன்.

"அவனும் இப்படித்தான் கெடப்பான்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒன் மாமா. நல்லா நீந்துவான் தெரியுமா? எங்க லயத்துல அவன மாதிரி யாரும் கெடையாது. ஞாயித்துக்கெழம துணி தொவைக்கக் குட்டைக்குப் போவோம். நான் ஓரமா கல்லுல தொவைப்பேன். அவன் நடுவுல போய் மல்லாக்கப் படுத்துக்குவான். கூப்பிட்டா கேக்காது. காதுலதான் தண்ணியாச்சே. கல்லெடுத்துப் போடுவேன், அப்பதான் திரும்பிப் பாப்பான்."

இருபத்தெட்டு வருடத்தில் மாமா உயிரோடு இருந்து நான் கேட்ட முதல் கதை அது. அம்மா தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்த கதையும் அதுதான் முதல்.

"நீங்க எறங்கவே இல்லையாம்மா?"

"துணி யாரு தொவைக்கிறது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி மேல வெயில் பட்டு மேல மட்டும் சுடும். உள்ள சில்லுன்னு இருக்கும். அங்கயும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

"அப்படித்தாம்மா."

அம்மா தலையாட்டிக்கொண்டார். பயற்றங்காய் பாதி நறுக்கியபடி கிடந்தது. கத்தியை எடுக்கவில்லை. கைபேசியை என்னிடம் நீட்டி, "இத எனக்கு அனுப்பு" என்றார்.